வெட்டிய மரமும் ஏற்றும் லொறியும்

வீதியோரத்து மரம் நிழல் தருவது. முதுமையுற்றுப் பட்டுப்போனால் அதுவே உயிருக்கு உலை வைப்பதும் உண்டு. 2023 ஒக்டோபர் 6 ஆம் நாள் கொழும்பு கொள்ளுப்பிட்டியிலே பயணிகள் பேருந்தொன்றின்மீது மரம் வீழ்ந்து ஐவர் உயிரிழந்தமை இதற்குச் சான்றாகும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியின் பின்னர், விழுந்த மரங்களை அகற்றிய பின்னரே வீதிகளிற் பயணம் செய்ய முடிந்தது. ஆகவே, மரத்தைத் தறிக்கும் தொழில் ஊருக்கு இன்றியமையாதது. தறித்ததை அப்புறப்படுத்துவது அதனினும் பெரிய வேலை. அதற்கேற்ற லொறியைத் தெரிவு செய்வதிலே உள்ளூராட்சி மன்றங்களும் ஒப்பந்தகாரரும் அறிந்திருக்கவேண்டிய செய்திகள் சில உள்ளன.

லொறி என்றவுடன் பலரும் அதன் எஞ்சினையே நோக்குவர். மரக்கழிவை ஏற்றுவோருக்கோ எஞ்சினைவிட அதன் முதுகில் அமரும் பெட்டியே முக்கியமானது. ஏனெனில், மரக்கழிவு என்பது ஒரே பொருளன்று. குழையும் சிறு கொப்பும் இடத்தை அடைக்கும். ஆனால் எடை குறைவு. அடிமரத்துக் குற்றி சிறிது இடத்திலே பெரும் எடையைக் கொண்டிருக்கும். இயந்திரத்தில் அரைபட்ட சீவல் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

இதனை ஒரு கணக்கினால் விளக்கலாம். மூன்றரை மீற்றர் நீளமும், இரண்டு மீற்றர் அகலமும், ஒன்றரை மீற்றர் உயரமும் உள்ள ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் கொள்ளளவு பத்தரைக் கன மீற்றர். அதனைச் சுமக்கும் லொறி 4 தொன் சுமையை ஏற்ற அனுமதி பெற்றது எனக் கொள்வோம். அதில் கொப்புகளை அப்படியே அடைத்தால், ஒரு கன மீற்றருக்கு 100 கிலோகிராம் வீதம், சுமை ஏறக்குறைய 1 தொன் மாத்திரமே. லொறி நிரம்பியதுபோலத் தோன்றும்; ஆயினும் அதன் வலுவிற் காற்பங்கே பயன்படுகின்றது. பச்சைச் சீவலை நிரப்பினால், ஒரு கன மீற்றருக்கு 350 கிலோகிராம் வீதம், 3,675 கிலோகிராம் ஆகும். இது லொறிக்குப் பொருத்தமான சுமை. பச்சைக் குற்றிகளை விளிம்புவரை அடுக்கினாலோ, இடைவெளிகளைக் கழித்த பின்னும், ஐந்தரைத் தொன்னுக்கு மேல் வந்துவிடும். அவ்வாறு ஏற்றிய லொறியின் தடுப்பும் அச்சும் சில்லும் தம் எல்லையைக் கடந்துவிடுகின்றன. இந்த எண்கள் மரத்துக்கு மரம், ஈரத்துக்கு ஈரம் வேறுபடும். எனினும், ஒரே பெட்டியில் ஒரு சுமை வீண்பயணமாகவும், மற்றொரு சுமை ஆபத்தாகவும் முடியலாம் என்பதை அவை தெளிவாகக் காட்டுகின்றன.

இங்கே கவனிக்கத்தக்க இன்னொன்றும் உண்டு. கொப்பைச் சீவினால் அது அடைக்கும் இடம் பல மடங்கு சுருங்கும். குற்றியைச் சீவினாலோ மறுதலையாக விரியும். ஒரு கன மீற்றர் திண்ணிய மரம் இரண்டரை முதல் மூன்று கன மீற்றர் சீவலாகும். ஆதலால் கொப்பைச் சீவுவதும், குற்றியைக் குற்றியாகவே கொண்டுசெல்வதும் சிக்கனமான வழியாகும்.

இனி, பெட்டிகளின் வகைகளை நோக்குவோம். முதலாவது, நிலையான டிப்பர் பெட்டி. உயர்ந்த பக்கச் சுவர்களுடன் மேலே மூடியும் இட்டால், லொறியின் பின்னே இழுத்துவரும் சீவல் இயந்திரம் சீவலை நேரே அதனுள் ஊதிவிடும். அமைப்பு எளியது, நிறை குறைந்தது, பழுதுபார்ப்பதும் இலகு. ஆனால் பாரமான குற்றிகளை மனிதர் தோளால் தூக்கியே ஏற்றவேண்டும். முதுகும் இடுப்பும் தேய்வது அங்கேதான்.

இரண்டாவது, கவ்வியுடன் கூடிய தூக்கியைப் பொருத்திய லொறி. லொறியின் எஞ்சின் வலுவைக்கொண்டே எண்ணெய் அழுத்தத்தினால் இயங்கும் தூக்கிகளை ஆக்குவதற்கென, 1944 ஆம் ஆண்டிலே சுவீடன் நாட்டின் ஹூடிக்ஸ்வால் என்னும் ஊரில் எரிக் சுண்டின் என்பவர் ஹியாப் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். அவர் அதற்கு முன்னர் பனிச்சறுக்குப் பலகை செய்தவர். இத்தகைய தூக்கி பத்துப்பேர் தூக்க முடியாத குற்றியையும் எளிதில் எடுத்து வைக்கும். எனினும் தூக்கியின் நிறை, ஏற்றக்கூடிய சுமையிலிருந்து கழிந்துவிடும். ஊன்றுகால்களை விரிக்க உறுதியான நிலமும் அகலமான இடமும் வேண்டும். மேலே மின்கம்பிகள் செல்லும் ஒழுங்கையிலே அதனை இயக்குவது உயிரோடு விளையாடுவதாகும்.

மூன்றாவது, கொளுக்கியினால் பெட்டியை இழுத்தேற்றும் முறை. லொறியின் முதுகிலுள்ள வளைந்த கை பெட்டியின் முன்புறத்துத் தண்டிலே கொளுவி, அதனை நிலத்திலிருந்து மேலே ஏற்றும், இறக்கியும் வைக்கும், சாய்த்துக் கொட்டவும் செய்யும். ஒரே லொறிக்குச் சீவலுக்கென உயர்ந்த பெட்டி, குற்றிக்கெனத் தாழ்ந்த பெட்டி, இயந்திரங்களுக்கெனத் தட்டையான தளம் எனப் பலவற்றை மாற்றிக்கொள்ளலாம்.

இம்முறையின் பெரும் பயன் நேரத்திலே தெரியும். கொட்டுமிடத்துக்குப் போய்வர ஒன்றரை மணி நேரம் ஆகின்றது. நால்வர் வேலை செய்கின்றனர். நிலையான பெட்டியானால், லொறி திரும்பும்வரை ஏற்றும் வேலை நின்றுபோகும். ஒரு பயணத்துக்கு ஆறு மணி நேர ஆள்வேலை வீண். கொளுக்கி முறையானால், வெறும் பெட்டியை இறக்கிவிட்டு நிறைந்த பெட்டியை எடுத்துச் செல்லலாம். வேலையாட்கள் தொடர்ந்து நிரப்புவர். ஆனால் இரு பெட்டிகளும் ஒரே நேரத்தில் நிற்க இடமும், லொறி நேராகப் பின்செல்ல நீளமும் தேவை. ஒடுங்கிய ஒழுங்கைகளில் இது கைகூடாது. மேலும், கொளுக்கியின் உயரம் எங்கும் ஒன்றன்று. ஜேர்மனியின் நியமம் 1570 மில்லிமீற்றர் என வகுத்துள்ளது. அமெரிக்காவிலோ 36, 54, 61¾ அங்குலம் என வேறுபட்ட அளவுகள் வழக்கிலுள்ளன. பழைய லொறி ஒன்றை ஓரிடத்திலும் பெட்டியை வேறோரிடத்திலும் வாங்குபவர், இரண்டும் பொருந்துமா என முதலில் அளந்து பார்த்தல் வேண்டும்.

ஏற்றும் முறையும் கணக்கை மாற்றும். ஐக்கிய அமெரிக்காவிலே புயற்கழிவு அகற்றும் லொறிகளின் கொள்ளளவை முன்கூட்டியே அளந்து பதிவு செய்வர். கையால் ஏற்றிய லொறியாயின், அந்நாட்டுக் கூட்டரசின் அவசரகால முகாமை நிறுவனம் அதன் அளவிற் பாதியைக் குறைத்தே கணக்கிடும். கையால் எறிந்த கொப்பு தளர்ந்து கிடக்கும். இயந்திரம் அழுத்திய கொப்பு செறிந்து கிடக்கும் என்பதே காரணம். பொதுப்பணத்தைச் செலவிடுவோர் எங்கும் மனத்திற் கொள்ளவேண்டிய பாடம் இது.

எந்த வகையைத் தெரிந்தாலும், ஆபத்துகள் சில பொதுவானவை. உயர்த்திய பெட்டியின் கீழே, தாங்குகோல் கொடுக்காமல் ஒருவரும் நுழைதல் கூடாது. எண்ணெய்க் குழாய் ஒன்று வெடித்தால் பெட்டி கணப்பொழுதில் இறங்கிவிடும். ஈரச் சீவல் ஒரு பக்கத்தில் ஒட்டிக்கொண்டு மறுபக்கம் மாத்திரம் சரிந்தால் லொறி கவிழக்கூடும். எனவே சமதரையிலேயே கொட்டவேண்டும். கொட்டிய பின் பெட்டியை இறக்காமல் லொறியை நகர்த்தினால் மின்கம்பியிலே மோதும். தார்ப்பாய் கட்டாத சுமையிலிருந்து பறக்கும் கொப்பு, பின்னே வரும் சைக்கிள்காரரின் கண்ணைப் பறித்துவிடும்.

நம் நாட்டிலே மரக்கழிவு முழுவதும் கழிவன்று. குழை ஆட்டுக்குத் தீனியாகும், நல்ல குற்றி மரக்காலைக்குப் போகும், கொப்பு விறகாகும். பூவரசங்குழையைத் தோட்டத்திலே தாழ்த்தும் யாழ்ப்பாணத்துக் கமக்காரருக்கு இலையின் அருமையைச் சொல்லித்தரத் தேவையில்லை. சீவலையும் தென்னையின் அடியிலே பரப்பினால் ஈரம் காக்கும். எல்லாவற்றையும் ஒரே பெட்டியிற் கலந்தடைத்தால் இந்தப் பயன்கள் யாவும் குப்பைமேட்டிலே முடியும். பிரித்து ஏற்ற வசதி தரும் பெட்டியே நமக்கு ஏற்ற பெட்டி.

ஆதலின் லொறி வாங்க எண்ணும் சபையோ ஒப்பந்தகாரரோ விலைப்பட்டியலைப் பார்ப்பதற்கு முன்னர் ஒரு வாரத்துச் சுமைகளை எடைமேடையில் நிறுத்துப் பார்க்கவேண்டும். கொப்பு எத்தனை சுமை, குற்றி எத்தனை சுமை, கொட்டுமிடம் எவ்வளவு தூரம், ஒழுங்கை எவ்வளவு அகலம் என எழுதிவைக்கவேண்டும். சிறிய வேலைக்கும் குறுகிய தூரத்துக்கும் எளிய டிப்பரே போதும். குற்றிகள் மிகுந்த இடத்துக்குத் தூக்கி வேண்டும். வேலை பலவகையாகி, தூரமும் கூடும்போதே கொளுக்கி முறையின் விலை தகும். இக்கணக்கைச் செய்யாது வாங்கிய லொறியின் குறையை, அதில் நாள்தோறும் ஏற்றி இறக்கும் தொழிலாளியே தன் உடலாற் சுமக்க நேரும்.