அயல்நாட்டு நண்பரும் டில்லிச் சாலைகளும்

டில்லிக்குப் படிக்க வரும் தமிழ் மாணவர்களுக்கு முதல் ஆண்டில் இரண்டு கஷ்டங்கள் உண்டு. ஒன்று ஹிந்தி, மற்றொன்று குளிர். சாலையைக் கடப்பதையும் ஒரு கஷ்டமாக நம்மில் எவரும் சொல்லி நான் கேட்டதில்லை. கும்பகோணத்துக் கடைத்தெருவிலும் சென்னை அண்ணா சாலையிலும் பழகிய கால்கள் அல்லவா! ஊர் மாறினாலும், மொழி மாறினாலும், ஹாரன் சத்தம் மாறுவதில்லை.

ஆனால் ஜெர்மனி, ஜப்பான், எதியோப்பியா முதலிய நாடுகளிலிருந்து இங்கே வந்து படிக்கும் நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். மிளகாய்க் காரம் ஒரு மாதத்தில் பழகிவிட்டது என்பார்கள். மே மாத வெயிலையும் பொறுத்துக் கொண்டோம் என்பார்கள். சாலையைப் பற்றிப் பேச்செடுத்தால் மட்டும் முகம் மாறிவிடும். ஜப்பானிலிருந்து வந்த மாணவி ஒருவர் தாம் கையாளும் உபாயத்தைச் சொன்னார்: சாலையோரம் நின்று, வயதான அம்மையார் யாரேனும் கடக்க வரும் வரையில் காத்திருப்பாராம், பிறகு அவருடைய நிழலிலேயே நடந்து அக்கரை சேர்வாராம். பாட்டிமார்களுக்காக டில்லி நகரம் சற்றே வேகத்தைக் குறைக்கிறது என்பது அவர் கண்ட உண்மை.

நான் எழுத வந்தது அவர்கள் படும் பாட்டைப் பற்றி. ஓர் அயல்நாட்டு நண்பருக்கு நானே கற்றுக் கொடுத்த அரைகுறைப் பாடத்தைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. பௌதிகம் படிக்கும் மாணவனாகிய நான் அந்தப் பாடத்தில் விட்டுவிட்டது பௌதிகத்தைத்தான்!

ஜெர்மானிய நண்பர் ஒருவர் 2024-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் எங்கள் துறைக்கு வந்தார். முதல் வாரம் கமலா நகர் கடைத்தெருவுக்கு அவரை அழைத்துச் சென்றேன். வரிக்குதிரைக் கோடுகளின் மேல் நின்றுகொண்டு, வண்டிகள் நிற்கட்டும் என்று காத்திருந்தார். ஐந்து நிமிஷம் ஆயிற்று, ஒன்றும் நிற்கவில்லை. அவருடைய நாட்டில் அந்தக் கோடுகளின் அருகே ஒருவர் கடக்க வந்து நின்றாலே வண்டி நின்றாக வேண்டும். அது சட்டம், வழக்கமும் அதுவே. விளக்கோ போலீஸ்காரரோ இல்லாத கடவையில் நடப்பவருக்கே முதலிடம் என்று நம் நாட்டு விதிகளும் சொல்கின்றன. ஆனால் ஏட்டில் இருப்பது ஒன்று, தெருவில் நடப்பது வேறு.

அப்பொழுது நான் குருவாகிவிட்டேன். "நிற்காதீர்கள், ஓடாதீர்கள், திரும்பாதீர்கள். வண்டிக்காரரின் கண்ணைப் பாருங்கள். ஒரே சீராக நடங்கள். அவர்கள் உங்களைச் சுற்றிக்கொண்டு போவார்கள்" என்றேன். அவர் நடந்தார். ஈ-ரிக்ஷாவும் ஸ்கூட்டரும் ஆற்று நீர் பாறையைச் சுற்றிப் போவது போல இருபுறமும் விலகிப் போயின. அக்கரையில் நின்று குழந்தையைப் போலச் சிரித்தார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அந்த உபதேசம் முழுப் பொய்யன்று. நெரிசலான தெருவில் நம் மக்கள் ஒருவரோடொருவர் கண்ணால் பேசித்தான் போக்குவரத்தை நடத்துகிறார்கள். சீராக நடப்பவர் அடுத்த விநாடியில் எங்கே இருப்பார் என்று ஓட்டுபவர் ஊகித்துக் கொள்ளலாம்; தயங்கித் தயங்கி முன்னும் பின்னும் ஓடுபவரை ஊகிக்க முடியாது. ஆயினும் இந்த முறைக்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி மெதுவாக வரவேண்டும். அந்த நிபந்தனையை நான் அவருக்குச் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அப்படி ஒன்று இருப்பதையே நான் எண்ணிப் பார்த்ததில்லை.

நவம்பர் மாதத்தில் ஒருநாள் இரவு எட்டு மணி இருக்கும். நண்பர் மால் ரோடைக் கடந்து கொண்டிருந்தார். அகன்ற சாலை; அந்த நேரத்தில் நெரிசல் குறைந்து வண்டிகள் விரைந்து வந்தன. தொலைவில் வந்த கார் ஒன்று முன்விளக்கை இருமுறை மின்னியது. அவருடைய ஊரில் ஓட்டுபவர்கள் பெரும்பாலும் 'நீங்கள் முதலில் செல்லுங்கள்' என்று சொல்லத்தான் அப்படி மின்னுவார்களாம். இந்தியாவிலும் மரியாதை தெரிந்த ஒருவரைக் கண்டோமே என்று மகிழ்ந்து, கையை உயர்த்தி நன்றி தெரிவித்து, நான் சொன்னபடியே சீராக நடந்தார்.

நம் ஊரில் அந்த மின்னலுக்குப் பொருள் 'நான் வருகிறேன், நீ வராதே' என்பதை வாசகர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கார் வளைந்து விலகப் பார்த்தது. முழுதும் விலக முடியவில்லை. அதன் ஓரம் இடித்து நண்பரின் வலக் கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. காரை ஓட்டி வந்த இளைஞர் நடுநடுங்கிப் போய், "விளக்கைப் போட்டேனே, ஏன் வந்தார்?" என்று திரும்பத் திரும்பக் கேட்டுக் கொண்டிருந்தாராம். இருவரில் ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒரே வெளிச்சத்தை இருவரும் இரண்டு மொழிகளில் படித்தார்கள், அவ்வளவுதான்.

மருத்துவமனையில் நான் அவரைப் பார்த்தபோது, "நீங்கள் சொன்னபடிதான் நடந்தேன்" என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. செய்முறைப் பாடத்தில் எங்கே பிழை நேர்ந்தது என்று கேட்கும் மாணவரின் குரலாகவே இருந்தது. அதனாலேயே எனக்கு அன்றிரவு தூக்கம் வரவில்லை. எழுந்து உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

ஆபத்தைக் கண்டதும் ஓட்டுபவரின் கால் பிரேக்கை அடைய ஏறக்குறைய ஒரு விநாடி ஆகிறது என்று வைத்துக் கொள்வோம். அந்த ஒரு விநாடியும் வண்டி முழு வேகத்தில் ஓடிக்கொண்டே இருக்கும். அதன்பின் பிரேக் பிடிக்கிறது. உலர்ந்த சாலையில் நல்ல டயருள்ள கார், விநாடிக்கு விநாடி ஏழு மீட்டர் வீதம் வேகம் குறையும் என்று கொள்ளலாம். இவற்றைக் கொண்டு கணக்கிட்டால், மணிக்கு 20 கிலோ மீட்டர் வேகத்தில் வரும் வண்டி நிற்க 8 மீட்டர் போதும். 40 கிலோ மீட்டர் வேகத்தில் 20 மீட்டர் வேண்டும். 60 கிலோ மீட்டர் வேகத்திலோ 36 மீட்டருக்கும் மேல் வேண்டும். வேகம் மூன்று மடங்கானால் நிற்கும் தூரம் மூன்று மடங்காவதில்லை, நாலரை மடங்குக்கும் மேலாகிறது. பிரேக் பிடித்த பின் ஓடும் தூரம் வேகத்தின் வர்க்கத்தை ஒட்டி வளர்வதே இதற்குக் காரணம்.

இன்னொரு விதமாகவும் பாருங்கள். நடப்பவர் ஒருவர் திடீரென்று 20 மீட்டர் தூரத்தில் எதிர்ப்படுகிறார். 40 கிலோ மீட்டர் வேகத்தில் வந்த கார் அவருடைய முழங்காலருகே வந்து நின்றுவிடும். ஓட்டுபவர் நாலு வார்த்தை திட்டுவார், நடப்பவர் வீடு போய்ச் சேருவார். 60 கிலோ மீட்டர் வேகத்தில் வந்த காரோ, பிரேக் பிடிக்குமுன்பே அந்த இருபதில் ஏறக்குறைய 17 மீட்டரை விழுங்கிவிடும். மிஞ்சிய மூன்று மீட்டரில் என்ன குறையும்? அவரை மோதும்போது அதன் வேகம் இன்னும் மணிக்கு 55 கிலோ மீட்டர் இருக்கும். அது 12 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது நான்கு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, விழுபவன் தரையைத் தொடும் வேகம்.

கமலா நகரில் நான் கற்பித்த பாடம் மால் ரோடில் ஏன் தோற்றது என்பது இப்பொழுது விளங்கும். கண்ணால் பேசுவதற்கு நேரம் வேண்டும். 20 கிலோ மீட்டர் வேகத்தில் அந்த நேரம் இருக்கிறது. 60-இல் பேச்சு முடியுமுன் வண்டி வந்துவிடுகிறது. இரவிலோ முன்விளக்கின் கூச்சத்துக்கு அப்பால் கண்ணே தெரிவதில்லை, யாரோடு பேசுவது?

இது ஒரு நண்பரின் தனிக்கதை மட்டுமன்று. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர் என்று மத்திய அரசின் போக்குவரத்து அமைச்சகம் வெளியிட்ட அறிக்கை சொல்கிறது. நாளொன்றுக்கு ஏறக்குறைய 462 பேர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். இறப்புகளில் நூற்றுக்கு எழுபதுக்கு மேல் மிகை வேகத்தால் நேர்ந்தவை என்று அதே அறிக்கை கூறுகிறது. ஒரு சாலையில் சராசரி வேகம் நூற்றுக்கு ஒன்று கூடினால் உயிர்போகும் விபத்தின் வாய்ப்பு நூற்றுக்கு நான்கு கூடுகிறது என்பது உலக சுகாதார நிறுவனம் எடுத்துக் காட்டும் கணக்கு.

அயல்நாட்டவருக்கு இதற்குமேல் மற்றொரு தொல்லையும் உண்டு. அது பழக்கத்தின் தொல்லை. ஜெர்மனி, அமெரிக்கா, எதியோப்பியா முதலியவை வண்டிகள் வலப்புறம் செல்லும் நாடுகள். அங்கே வளர்ந்தவர் சாலையில் இறங்குமுன் தம்மையறியாமலே முதலில் இடப்பக்கம் பார்ப்பார். இங்கே முதல் வண்டி வலப்பக்கத்திலிருந்து வருகிறது. லண்டன் மாநகரில் வெளிநாட்டுப் பயணிகளுக்காகவே பல கடவைகளில் 'வலப்பக்கம் பாருங்கள்' என்று தரையில் எழுதி வைத்திருக்கிறார்கள். 1967-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் ஸ்வீடன் நாடு இடப்புறத்திலிருந்து வலப்புறத்துக்கு மாறியது. அதற்காக மக்கள் அனைவருக்கும் முன்கூட்டியே பெரும் பிரசாரம் செய்து கற்பித்தார்கள். ஒரு நாடே கூடிக் கற்றுக் கொண்டதை, இங்கு வந்து இறங்கும் மாணவர் தன்னந்தனியாக, முதல் நாளே கற்றுக் கொள்ள வேண்டியிருக்கிறது!

ஆகவே நண்பரும் நானும், அவர் காலில் கட்டோடு படுத்திருந்த நாட்களில், புதிதாக வருபவர்களுக்கென்று ஒரு பக்கக் குறிப்பு ஒன்று தயாரித்தோம். அதன் சாரம் இது.

முதலாவது, வலப்பக்கம் பார். பிறகு இடப்பக்கம் பார். மறுபடியும் வலப்பக்கம் பார். ஒருவழிச் சாலையானாலும் இரு பக்கமும் பார். எதிர்த் திசையில் வருபவர்களும் உண்டு.

இரண்டாவது, ஹாரன் உன்னைத் திட்டுவதன்று. ஜெர்மனியில் ஆபத்தை உணர்த்தவும், ஊருக்கு வெளியே வண்டியை முந்தவுமே அதை ஒலிக்கலாம். இங்கே அது 'நான் பக்கத்தில் இருக்கிறேன்' என்பதற்கான சொல். லாரிகளின் முதுகிலேயே 'ஹார்ன் ப்ளீஸ்' என்று எழுதி அதைக் கேட்டு வாங்குகிறார்கள். கோபித்துக் கொள்ளாதே, ஆனால் காதில் இசைக் கருவியை மாட்டிக் கொண்டு நடக்காதே.

மூன்றாவது, முன்விளக்கு மின்னினால் நில். அது அழைப்பன்று, எச்சரிக்கை.

நான்காவது, நெரிசலான தெருவில் சீராக நட. ஊர் மக்களோடு சேர்ந்து நட. அகன்ற, விரைந்த சாலையில் இந்தப் பாடத்தை மறந்துவிடு. சுற்றானாலும் விளக்குள்ள கடவைக்கோ மேம்பாலத்துக்கோ போ.

ஐந்தாவது, வாடகை மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏறினாலும் தலைக்கவசம் அணிந்து வாரை இறுக்கிக் கட்டு. எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள் என்பது எலும்புக்குத் தெரியாது.

இதோடு உள்ளூர்வாசிகளாகிய நமக்கும் ஒரு குறிப்பு உண்டு. நண்பர் அடிபட்டுக் கிடந்தபோது கூட்டம் கூடியது. தொட்டுத் தூக்கப் பலரும் தயங்கினார்கள். போலீஸ், கோர்ட்டு என்ற பயம். பிறகு ஈ-ரிக்ஷாக்காரர் ஒருவரும் கார் ஓட்டிய இளைஞருமே அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தார்கள். உதவுபவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்ற நெறிமுறைகளுக்கு உச்ச நீதிமன்றம் 2016-ஆம் ஆண்டிலேயே சட்ட வலிமை தந்துவிட்டது. 2019-ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் அந்தப் பாதுகாப்பைத் தருகிறது. உதவியவர் தம் பெயரைக் கூடச் சொல்ல வேண்டிய கட்டாயமில்லை. 112 என்ற எண்ணைச் சுழற்றவும் அடிபட்டவருக்கு உதவவும் பயப்பட வேண்டியதில்லை.

நண்பர் குணமாகி, பிப்ரவரியில் வகுப்புக்குத் திரும்பினார். சற்றே சாய்ந்து நடக்கிறார். அவரோடு மால் ரோடு வரும்போதெல்லாம், கடவை விளக்கு வரையில் சுற்றிப் போய்த்தான் கடக்கிறோம். ஒருமுறை வகுப்புக்கு நேரமாகிவிட்டது, சாலையும் வெறிச்சோடியிருந்தது. என் கால் தானாகவே இறங்கிவிட்டது. அவர் என் தோளைப் பற்றி நிறுத்தினார். "உங்களுக்கு இது பழகிவிட்டது, அதுதான் ஆபத்து" என்றார். அப்பொழுது குரு யார், மாணவர் யார் என்று எனக்குத் தெளிவாயிற்று. அயல்நாட்டவர் நம் சாலையைக் கண்டு அஞ்சுவதை நாம் வேடிக்கையாகப் பேசுகிறோம். நாள்தோறும் 460 பேருக்கு மேல் இறக்கும் ஒரு காரியத்தைக் கண்டு அஞ்சாமல் இருப்பதல்லவா வேடிக்கை!

இந்த ஜூலையிலும் புதிய மாணவர்கள் வந்திருக்கிறார்கள். சென்ற வாரம் ஒருவர் என்னிடம், "இங்கே சாலையை எப்படிக் கடப்பது?" என்று கேட்டார். இம்முறை நான் உபதேசத்தை உடனே தொடங்கவில்லை. "எந்தச் சாலை?" என்று கேட்டேன்.