இரண்டாவது கியரில் நீலகிரி!

ஊட்டிக்குப் போகத் திட்டம் போடுகிறவனை எங்கள் ஈரோட்டில் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பார்கள். "இந்தா இருக்கிற ஊட்டிக்கு எதுக்குடா நோட்டும் பேனாவும்? சனிக்கிழமை ஆபீஸ் விட்டதும் வண்டியை எடு, ஞாயித்துக்கிழமை ராத்திரி திரும்பி வா, திங்கட்கிழமை மேனேஜருக்கு ரெண்டு வர்க்கி கொடு. முடிஞ்சது!" என்பார்கள்.

நானும் அப்படிப் போய் வந்தவன்தான். 2014-ல். நாங்கள் நாலு பேர். பெயர் வேண்டாம், பார்க்கிற வேலையை வைத்தே அறிமுகப்படுத்துகிறேன்: பேங்க், எல்.ஐ.சி., மெடிக்கல் ரெப், அப்புறம் பி.காம் படித்ததால் எங்கே போனாலும் பொருளாளர் ஆக்கப்பட்டுவிடும் நான்.

அந்தப் பயணத்தில் ஒரே ஒரு திட்டம்தான் இருந்தது. அதையும் போட்டவன் நான். குன்னூர் தாண்டியதும், "மாப்ள, இனிமே மேட்டுப்பாளையம் வரைக்கும் இறக்கம்தானே? என்ஜினை ஆஃப் பண்ணி நியூட்ரல்ல விடு. ஒரு லிட்டராவது மிச்சமாகும்" என்றேன். பெட்ரோல் அப்போது எழுபது ரூபாய் சொச்சம். பொருளாளர் சொன்னால் அப்பீல் ஏது? பேங்க் சாவியைத் திருப்பிவிட்டான்.

பர்லியாறுக்குக் கொஞ்சம் மேலே ரப்பர் கருகுகிற மாதிரி ஒரு வாடை. "எவனோ டயரை எரிக்கிறான்" என்றார் எல்.ஐ.சி. எரிந்துகொண்டிருந்தது நாங்கள்தான். அடுத்த வளைவில் பிரேக் பெடல் கல்லாகிவிட்டது. இரண்டு காலால் மிதித்தும் வண்டி நிற்கவில்லை. எதிரே ஒரு லாரி. பேங்க் ஸ்டியரிங்கை மலைப்பக்கம் ஒடித்தான். சாக்கடையில் இறங்கி, பாறையில் உரசி நின்றோம். இன்னொரு பக்கம் ஒடித்திருந்தால் இந்தக் கட்டுரையை நீங்கள் படித்துக்கொண்டிருக்க மாட்டீர்கள்.

மூன்று பேருக்குச் சிராய்ப்பு. இடது பக்க சீட்டில் உட்கார்ந்திருந்த மெடிக்கல் ரெப்புக்கு மட்டும் தோள்பட்டை உடைந்தது. இன்றைக்கும் அவனால் இடது கையை முழுதாகத் தூக்க முடியாது. மேலே ஏதாவது எடுக்க வேண்டுமென்றால் வலது கைதான். இத்தனை வருஷத்தில் ஒரு வார்த்தை என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

'பூங்கான்னா ஊஞ்சல் இருக்குமா?'

பதினோரு வருஷம் கழித்து, 2025-ல், பேச்சை மறுபடி ஆரம்பித்ததே அந்த மெடிக்கல் ரெப்தான். "இந்தத் தடவை ஒழுங்கா ப்ளான் போட்டுப் போகலாம்டா. காடு வழியா ஏறி, தேயிலை வழியா இறங்கலாம்."

நான் நோட்டை எடுத்தேன். ஈரோடு - சத்தியமங்கலம் - திம்பம் - சாம்ராஜ்நகர் - குண்டல்பேட்டை - பந்திப்பூர் - முதுமலை - கூடலூர் - ஊட்டி - குன்னூர் - மேட்டுப்பாளையம். ஒரு முழு வட்டம். நானூறு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்குள் சத்தி, பந்திப்பூர், முதுமலை என்று மூன்று புலிகள் காப்பகங்கள். 1986-ல் இந்தியாவின் முதல் உயிர்க்கோளக் காப்பகமாக நீலகிரியை அறிவித்தார்களே, அதன் மடியிலேயே ஒரு சுற்று.

"முக்குர்த்தி தேசியப் பூங்காவையும் சேர்த்துக்க. பூங்கான்னா பிள்ளைங்களுக்கு ஊஞ்சல் போட்டோ எடுத்துட்டு வரலாம்" என்றார் எல்.ஐ.சி. முக்குர்த்தியில் ஊஞ்சலும் கிடையாது, பஞ்சு மிட்டாயும் கிடையாது. 78 சதுர கிலோமீட்டர் புல்வெளியும் சோலையும். நம் மாநில விலங்கான வரையாடு மேய்கிற இடம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே காலே வைக்க முடியாது. காரில் போகிற இடமும் அல்ல. அடித்துவிட்டேன்.

மாமனார் வைத்த பரீட்சை

பேங்க்கின் மாமனார் சேரன் போக்குவரத்துக் கழகக் காலத்திலிருந்து மலைப் பஸ் ஓட்டி ரிட்டயரானவர். மேட்டுப்பாளையத்தில் வீடு. திட்டத்தைக் காட்டி ஒரு பாராட்டு வாங்கலாம் என்று போனோம். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நோட்டை வரி வரியாகப் படித்தார்.

"தம்பி, ரூம் வாடகை எழுதியிருக்கீங்க. டீச் செலவு எழுதியிருக்கீங்க. வர்க்கிக்குக்கூட ஒரு வரி போட்டிருக்கீங்க. எந்த வளைவுல எந்த கியர்னு எங்கீங்க எழுதியிருக்குது?"

"அது... ஓட்டும்போது பார்த்துக்கலாம்னு..."

"பதினோரு வருசத்துக்கு முந்தி பார்த்துக்கிட்டீங்களாக்கும்?"

மாப்பிள்ளை தலையைக் குனிந்தான். நான் அதைவிடக் கொஞ்சம் அதிகமாகக் குனிந்தேன். அப்புறம்தான் பாடம் ஆரம்பித்தது.

"எந்த கியர்ல ஏறுறீங்களோ, அதே கியர்ல இறங்கோணும். செகண்டுல ஏறின மேட்டைச் செகண்டுலதான் இறங்கோணும். கியர்ல இருந்தா என்ஜினே வண்டியைப் புடிச்சு நிறுத்தும், பிரேக்குக்கு வேலை கம்மி. நியூட்ரல்ல விட்டீங்கன்னா மொத்தப் பாரமும் பிரேக் மேல. சூடேறிப்போச்சுன்னா அப்புறம் புடிக்காது. என்ஜினையும் அணைச்சுட்டீங்கன்னா பிரேக்குக்கு ஒத்தாசை பண்ற வேக்குவமும் போயிருமுங்க. பெடலு கல்லாயிரும். சாவியை உருவுனா ஸ்டியரிங்கும் பூட்டிக்கும்."

ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு நான் எதையெல்லாம் அடகு வைத்தேன் என்று எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

"எதுக்க ஏறி வர்ற வண்டிக்குத்தான் முதல் வழி. இறங்குறவன் நின்னு வுடோணும். ஏறுறவன் பாதி மேட்டுல நின்னா மறுபடி எடுக்கறது சிரமம். இதை ஹாரன் அடிச்சுக் கத்துக்க வேண்டியதில்லீங்க."

நோட்டில் 'கல்லட்டி' என்று எழுதியிருந்த இடத்தில் அவர் விரல் நின்றது. மசினகுடியிலிருந்து ஊட்டிக்கு ஏறுகிற குறுக்கு வழி அது. கூடலூர் சுற்றிப் போகிற தூரத்தில் பாதிதான். ஆனால் 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றும் செங்குத்து. 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்த ஒரு கார் அந்த ரோட்டில் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு நாள் வரை யாருக்கும் தெரியவில்லை. ஐந்து பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு வெளியூர் வண்டிகள் அந்த வழியில் இறங்கக் கூடாது என்று தடை போட்டார்கள்.

"ஏறத்தானே போறோம்?" என்று முனகினார் எல்.ஐ.சி.

"இன்சூரன்ஸ்காரர் நீங்களே இப்படிச் சொன்னா எப்படிங்க?" என்றார் மாமனார். கல்லட்டி அடிபட்டது.

கேட்டும் பாஸும்

மலைக்குப் போவதற்கு இப்போது பணம் மட்டும் போதாது, நேரமும் காகிதமும் வேண்டும். 2024 மே 7-லிருந்து, சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, நீலகிரிக்குள் நுழைய வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் கட்டாயம். கட்டணம் கிடையாது. 2025 சீஸனில் ஒரு படி மேலே போய் எண்ணிக்கைக்கே வரம்பு வைத்தார்கள்: ஏப்ரலிலிருந்து ஜூன் வரை சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000. நாங்கள் செப்டம்பரில், அதுவும் செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். லீவு கேட்டபோது மேனேஜர் பார்த்த பார்வையைத் தவிர வேறு நெரிசல் இல்லை.

அடுத்தது நேரம். பந்திப்பூர் காட்டு ரோடு 2009-லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடப்படுகிறது. ராத்திரியில் அடிபட்டுச் சாகிற விலங்குகளைக் காப்பாற்றத்தான். திம்பம் ரோட்டிலும் இரவுக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே 'நைட்டு அப்படியே ஓட்டிப் போயிரலாம்' என்ற வீர வசனத்துக்கு இந்த வழியில் இடமே இல்லை.

மூன்று நாள்

காலை ஐந்துக்குக் கிளம்பி, பண்ணாரி அம்மனுக்குக் கும்பிடு போட்டுவிட்டு திம்பம் ஏறினோம். 27 வளைவு. ஒவ்வொன்றுக்கும் நம்பர் போட்டிருக்கிறார்கள். மெடிக்கல் ரெப் சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தான். பதினேழில் எல்.ஐ.சி. இட்லியைத் திருப்பிக் கொடுத்தார். (வெறும் வயிற்றிலும் ஏறாதீர்கள், நிறைந்த வயிற்றிலும் ஏறாதீர்கள்.)

ஆசனூர் பக்கம் கரும்பு லாரிகளுக்காக யானைகள் காத்திருக்கும் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நிஜம்தான். ஒரு தாயும் குட்டியும் ரோட்டோரம் நின்றன. டோல்கேட் மாதிரி. எங்களிடம் கரும்பு இல்லை. மாமனார் சொல்லி அனுப்பியபடி தள்ளியே நிறுத்தி, ஹாரன் அடிக்காமல், கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தோம். பத்து நிமிஷம். அது நகர்ந்தது, நாங்களும் நகர்ந்தோம். பின்னாலிருந்த காரிலிருந்து ஒருவர் செல்போனோடு இறங்கினார். பேங்க் கண்ணாடியை இறக்கி, மாமனாருடைய குரலிலேயே ஒரு அதட்டுப் போட்டான். மனிதர் உள்ளே போய்விட்டார்.

பந்திப்பூர் 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியபோதே அதில் சேர்ந்த காடு. புலி தெரிந்ததா என்று கேட்காதீர்கள். எங்களைப் புலி பார்த்திருக்கலாம். கக்கநல்லா சோதனைச் சாவடியில் இ-பாஸைப் பார்த்து, பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று துழாவினார்கள். எவர்சில்வர் கூஜாவைக் காட்டியதும் அந்தக் காவலர் முகத்தில் ஒரு புன்னகை.

தெப்பக்காடு முகாமில் சாயங்காலம் யானைகளுக்குக் கேழ்வரகு உருண்டை ஊட்டுவதைப் பார்த்தோம். 2023-ல் ஆஸ்கர் வாங்கிய 'தி எலிஃபண்ட் விஸ்பரர்ஸ்' படத்தின் பொம்மன், பெள்ளி, யானைக்குட்டி ரகு எல்லாம் இந்த முகாம்தான். ஒவ்வொரு யானைக்கும் உடம்புக்கு ஏற்ற அளவு. எங்கள் ஆபீஸ் கேன்டீனில்கூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

மறுநாள் கூடலூர், நடுவட்டம், பைக்காரா வழியாக ஊட்டி. நடுவட்டத்தில் வெள்ளைக்காரன் மலேரியாவுக்காகச் சிங்கோனா பயிரிட்டான். இன்று பார்க்கிற பக்கமெல்லாம் தேயிலை. இந்தத் தேயிலையிலும் ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். பறிக்கிற கைகளுக்கும் ஒரு கதை உண்டு. 1964-ல் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இலங்கையிலிருந்து திரும்பிவந்த தமிழர்களுக்கு வேலை கொடுப்பதற்காகத்தான் அரசு இங்கே தேயிலைத் தோட்டங்களைத் தொடங்கியது. கோத்தகிரிப் பக்கமும் கூடலூர்ப் பக்கமும் அந்தக் குடும்பங்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள். பச்சையைப் பார்த்து போட்டோ எடுக்கிற நமக்கு இது கண்ணில் படுவதில்லை.

அந்த வளைவு

மூன்றாம் நாள். ஊட்டியிலிருந்து குன்னூர், குன்னூரிலிருந்து இறக்கம். தாண்டும்போதே காருக்குள் பேச்சு நின்றுவிட்டது. சாவி யாரிடம் என்று பார்த்தால் மெடிக்கல் ரெப் கையை நீட்டிக்கொண்டிருந்தான், வலது கையை. "நான் ஓட்டுறேன்."

"இடது கை கியருக்கு..."

"கியர் கீழதானேடா இருக்கு. கையைத் தூக்கவா சொல்றாங்க?"

செகண்ட் கியர். என்ஜின் உறுமிக்கொண்டே வந்தது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள், ஓரம் கொடுத்து அனுப்பினான். ஏறி வந்த பஸ்ஸுக்கு நின்று வழி விட்டான். பஸ் டிரைவர் ஒரு கையை உயர்த்திக் காட்டினார். அந்த ரோட்டில் அது மெடல் மாதிரி.

பர்லியாறுக்கு மேலே அந்த வளைவு வந்தது. சாக்கடைக்கு இப்போது கான்கிரீட் போட்டிருக்கிறார்கள். கொஞ்சம் கீழே அகலமான இடம் பார்த்து ஓரம் கட்டினான். இறங்கினோம். எல்.ஐ.சி. பலாப்பழச் சுளை வாங்கி வந்தார்.

"அன்னிக்கு எவ்வளவு பெட்ரோல்டா மிச்சமாச்சு?" என்று கேட்டான் மெடிக்கல் ரெப், சாதாரணமாக.

"அரை லிட்டர் இருக்கும்" என்றேன். பதினோரு வருஷமாகக் கேட்காத மன்னிப்பை அப்போது கேட்டேன். அவன் சுளையை வாயில் போட்டுக்கொண்டு, "சரி விடு, மத்தியானச் சாப்பாடு உன் கணக்கு" என்றான்.

அன்னபூர்ணா சாம்பார் வரைக்கும் போய் என் கணக்கில் எழுதியாயிற்று. வீட்டுக்கு வந்து நோட்டைக் கூட்டினால் நாற்பது ரூபாய் உதைக்கிறது. வர்க்கியாகத்தான் இருக்கும்.

கிளம்பும் முன்...

* இ-பாஸை வீட்டிலேயே எடுத்து அச்சடித்து வைத்துக்கொள்ளுங்கள். விதிகள் சீஸனுக்குச் சீஸன் மாறும், முந்தின நாள் ஒரு முறை பாருங்கள்.

* காட்டு ரோட்டில் இருட்டுவதற்குள் வெளியேறுகிற மாதிரி நேரம் போடுங்கள். வண்டியை நிறுத்துவது, இறங்குவது, தீனி போடுவது மூன்றும் வேண்டாம்.

* பிரேக், டயர், கூலன்ட் மூன்றையும் மெக்கானிக்கிடம் காட்டிவிட்டு ஏறுங்கள்.

* கருகல் வாடை வந்தால் அகலமான இடத்தில் ஓரம் கட்டி, பிரேக் ஆறும்வரை நில்லுங்கள். டீ குடிக்க நல்ல சாக்கு.

* குறிஞ்சிக்காகப் போகிறவர்கள் பொறுங்கள். 2018-ல் பூத்தது. பன்னிரண்டு வருஷக் கணக்குப்படி அடுத்தது 2030. அதுவரை செகண்ட் கியரில் பழகிக்கொள்ளலாம்.