மேட்டுல நின்ன ஏஎம்டி கார் பின்னாடி உருளுதா? காரணம் இதுதான்!

கிளட்ச் பெடல் இல்லை என்பதால் ஏஎம்டி காரையும் 'ஆட்டோமேட்டிக்' என்றே சொல்கிறார்கள். ஆனா உள்ளே இருப்பது மேனுவல் கியர்பாக்ஸ்தான். 2014-ல் மாருதி செலிரியோவில் வந்து இந்தியாவில் பிரபலமானது. விலை குறைவு, மைலேஜும் ஓகே.

இதில் கிளட்ச்சை மிதித்து கியர் மாற்றும் வேலையை மோட்டாரோ ஹைட்ராலிக் அமைப்போ பார்த்துக்கொள்ளும். கிளட்ச் விலகும்போது இழுவை ஒரு கணம் நிற்பதால்தான் அந்தக் குலுங்கல். ஆக்ஸிலரேட்டரை லேசா விட்டால் குறையும். டார்க் கன்வெர்ட்டர் ஆட்டோமேட்டிக்கில் சக்தியைக் கடத்துவது ஆயில். கியர் மாறுவதே பெரிதாகத் தெரியாது.

மேட்டில்தான் சிக்கல். பிரேக்கை விட்டதும், ஹில் ஹோல்ட் இல்லாத ஏஎம்டி பின்னால் நிற்கும் பைக் மீது உருளலாம். உருளாமல் இருக்க ஆக்ஸிலரேட்டரை மிதித்தே நிறுத்தி வைத்தால் கிளட்ச் சூடாகித் தேயும். ஹேண்ட் பிரேக் போட்டு, கார் இழுக்கத் தொடங்கியதும் அதை விடுங்க.