‘ஸ்ப்ரெய்ன்’: சொற்பொருளும் சொற்பிறப்பும்

ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்குவோர் ‘ஸ்ப்ரெய்ன்’, ‘ஸ்ட்ரெய்ன்’ ஆகிய இரு சொற்களுக்கும் ‘சுளுக்கு’ என்னும் ஒரே நிகரனை வழங்குவதுண்டு. தனித்தனியே வருமிடத்து இதனால் பெரும் இடர் இல்லை. ஆயின், இவ்விரண்டையும் வேறுபடுத்திக் காட்டும் பத்தியில் மொழிபெயர்ப்பு பொருளிழந்துவிடுகிறது.

மருத்துவ வழக்கில் ‘ஸ்ப்ரெய்ன்’ மூட்டுக்குரியது. எலும்பை எலும்போடு பிணைக்கும் பந்தகம் மிகையாக நீள்வதையோ கிழிவதையோ அது குறிக்கும். கணுக்கால் திரும்பி வீங்குதல் இதற்குத் தக்க சான்று. ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதோ தசைக்கு, அல்லது தசையை எலும்போடு சேர்க்கும் தசைநாணுக்கு நேரும் ஊறாகும். தொடையின் பின்தசையில் ஓட்டக்காரர்க்கு ஏற்படும் கிழிசல் இவ்வகையினது.

இவ்வேறுபாட்டிற்குச் சொற்பிறப்பு துணைசெய்யுமா என்பது அடுத்த வினா. ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதன் மூலம் தெளிவானது. ‘இறுக்கு, இழுத்துக் கட்டு’ எனப் பொருள்படும் ‘ஸ்ட்ரிங்கெரெ’ என்னும் இலத்தீன் வினை, பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்தது. ‘ரிஸ்ட்ரெய்ன்’, ‘ஸ்ட்ரிக்ட்’ முதலியன இதன் உறவுச் சொற்கள். நுண்ணுயிரி வகையைக் குறிக்கும் ‘ஸ்ட்ரெய்ன்’ பழைய ஆங்கில மூலமுடைய வேறொரு சொல்; வடிவத்தில் மட்டுமே ஒன்றுபடுவது.

‘ஸ்ப்ரெய்ன்’ 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் தோன்றுகிறது. அதன் பிறப்பு உறுதிப்படவில்லை. ‘பிழி’ எனப் பொருள்படும் பழைய பிரெஞ்சு வினையொன்றோடும், அதன் வழியே ‘அழுத்தி வெளியேற்று’ எனப் பொருள்படும் ‘எக்ஸ்ப்ரிமெரெ’ என்னும் இலத்தீன் வினையோடும் அதனை இணைப்பர். ஈரத்துணியைப் பிழிகையில் முறுக்குதலும் நிகழ்வதால், பிழிதலிலிருந்து முறுக்குதலுக்குப் பொருள் நகர்ந்திருத்தல் இயலும். எனினும் இது கருதுகோளே. எவ்வாறாயினும், மூட்டு, தசை என்னும் பாகுபாடு இவ்விரு மூலங்களிலும் இல்லை. அது மருத்துவ வழக்கு வகுத்துக்கொண்டது.

தமிழில் ‘கால் சுளுக்கிக்கொண்டது’ என்பதும் ‘கழுத்து சுளுக்கிக்கொண்டது’ என்பதும் இயல்பு வழக்குகள். முன்னது பெரும்பாலும் மூட்டையும், பின்னது பெரும்பாலும் தசையையும் பற்றியது. எனவே ‘சுளுக்கு’ இரண்டையும் தழுவும் பொதுச்சொல். ‘தசைப்பிடிப்பு’ தன்னிச்சையான தசை இறுக்கத்தையே பெரிதும் குறிப்பதால் ‘ஸ்ட்ரெய்ன்’ என்பதற்கு நிகராகாது. இயற்பியல் கலைச்சொல்லான ‘திரிபு’ என்பதை இங்குக் கொணர்வதும் பொருந்தாது. அது பருப்பொருளின் உருமாற்றத்தை அளப்பது.

ஆகவே, வேறுபாடு வேண்டுமிடத்து ‘மூட்டுச் சுளுக்கு’, ‘தசைச் சுளுக்கு’ என அடைகொடுத்து வழங்குதல் தகும். மக்கள் அறிந்த சொல்லும் நிலைக்கிறது. ஊறு எவ்விடத்தது என்பதும் நோயாளிக்கு விளங்குகிறது. மொழிபெயர்ப்பாளர்க்கு இங்கு அளவுகோல் ஆங்கிலச் சொல்லின் பிறப்பன்று. அது சுட்டும் உறுப்பே.