உதடு ஒன்று, குரல் ஒன்று

தொலைக்காட்சி விளம்பரம் பார்ப்பவர் கேட்டு வருவதல்ல. வார இதழில் விளம்பரப் பக்கத்தைப் புரட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம். தொலைக்காட்சியில் அது கதையின் நடுவே புகுந்து, தான் முடியும்வரை கதையைப் பிடித்து நிறுத்திவிடுகிறது. கதவைத் திறந்த மருமகள் யாரைப் பார்த்து அதிர்ந்தாள் என்று தெரிவதற்குள் சோப்பு, பற்பசை, சமையல் எண்ணெய், பெயின்ட் என்று வரிசையாக வந்து போகின்றன. தொடரின் திரைக்கதையும் இதற்கேற்பவே எழுதப்படுகிறது. ஆவல் எங்கே மேலேறி நிற்கிறதோ அங்கேதான் பிரேக். எரிச்சலின் முதல் காரணம் விளம்பரம் வந்து விழும் இந்த இடம்தான்.

எவ்வளவு நேரம் விழலாம் என்பதற்கு அளவு உண்டு. கேபிள் தொலைக்காட்சி வலையமைப்பு விதிகள் (1994) மணிக்கு 12 நிமிடத்துக்கு மேல் விளம்பரம் கூடாது என்கின்றன. அதில் 10 நிமிடம் வணிக விளம்பரத்துக்கு, மீதி 2 நிமிடம் சேனல் தன் நிகழ்ச்சிகளைப் பற்றித் தானே சொல்லிக்கொள்வதற்கு. இந்த வரம்பைக் கடிகார மணிக்கணக்கில் கறாராக நடைமுறைப்படுத்த 2012-லும் 2013-லும் ஒழுங்குமுறைகள் வந்தன. விவகாரம் நீதிமன்றத்துக்குப் போனது. திரையின் அடிப்பகுதியில் ஓடும் எழுத்தாகவோ நிற்கும் எழுத்தாகவோ வந்து விளம்பரம் நிகழ்ச்சிக்கு இடையூறு செய்யக் கூடாது என்றும் அதே விதிகளில் இருக்கிறது. கிரிக்கெட் ஒளிபரப்பில் நடைமுறை வேறு. ஒரு பந்துக்கும் அடுத்த பந்துக்கும் இடையே ஆட்டம் சுருங்கி மூலைக்குப் போக, மீதித் திரையை விளம்பரம் எடுத்துக்கொள்கிறது.

திரும்பத் திரும்ப வருவது அடுத்த காரணம். இருபது ஓவர் ஆட்டத்தில் இரு அணிகளுக்கும் சேர்த்து 40 ஓவர்கள். ஓவருக்கு ஓவர் அதே ஸ்பான்சரின் அதே பத்து விநாடி ஸ்பாட் வந்தால், ஆட்டம் முடிவதற்குள் வீட்டுக் குழந்தைக்கு அது மனப்பாடம் ஆகிவிடும், பெரியவரின் கை மியூட் பொத்தானுக்குப் போய்விடும். ஒரு கருத்தை ஒருவரிடம் எத்தனை முறை சொன்னால் ஏற்பார் என்று பார்த்த 1979-ஆம் ஆண்டின் உளவியல் சோதனை ஒன்றில், மூன்று முறை கேட்டவரை இசைவு கூடியது. ஐந்து முறை கேட்டவர்களிடம் குறைந்தது. முதலில் பழக்கம், பிறகு சலிப்பு, அதற்கும் பிறகு எதிர்வாதம் என்று மனம் போகிறது.

சத்தம் இன்னொன்று. விளம்பரம் வந்ததும் அடுப்படியில் இருப்பவர் “யாரு சத்தத்தைக் கூட்டுனது?” என்று கேட்பது எல்லா வீட்டிலும் நடப்பது. யாரும் கூட்டவில்லை. நாடகத்தில் முணுமுணுப்பும் அழுகையும் மௌனமும் உண்டு. ஒலி ஏறி இறங்கும். விளம்பரத்தின் ஒலிப்பதிவில் தாழ்ந்த ஒலிகளை எல்லாம் மேலே தூக்கி, உச்சத்தை ஒட்டியே நிறுத்திவிடுகிறார்கள். உச்ச அளவு நாடகத்தினுடையதைத் தாண்டாமல் இருந்தாலும் சராசரி மிக அதிகம், காது அந்தச் சராசரியைத்தான் சத்தமாக உணர்கிறது. இந்தச் சராசரி நிகழ்ச்சியின் ஒலியை மீறக் கூடாது என்று அமெரிக்கா 2010-ல் சட்டம் இயற்றி, 2012 டிசம்பரில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இந்திய விதிகளும் விளம்பரம் அளவுக்கு மீறி உரக்க இருக்கக் கூடாது என்கின்றன. அளவு எது என்பதற்கு அந்த வரியில் எண் இல்லை.

இடமும் எண்ணிக்கையும் சத்தமும் எல்லா விளம்பரத்துக்கும் பொது. ஆனால் ஒரே இடைவேளையில் வரும் இரண்டு விளம்பரங்களில் ஒன்றைப் பார்த்துச் சிரிப்பவர்கள் அடுத்ததைப் பார்த்து முகம் சுளிக்கிறார்கள். உள்ளடக்கத்தில் ஏதோ இருக்கிறது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் முக்கிய நேரத்தில் வந்த 524 விளம்பரங்களை ஆராய்ந்து 1985-ல் வெளியான ஆய்வு இதைப் பிரித்துக் காட்டியது. நம்ப முடியாத, செயற்கையான சூழல், மிகை நடிப்பு, ஒருவரின் தோற்றத்தையோ அறிவையோ இறக்கிக் காட்டுவது, தாய்க்கும் மகளுக்கும் இடையில் இருப்பது போன்ற உறவைப் பொருளை விற்பதற்காக உரசிப் பார்ப்பது, உடல் உபாதையை நுணுக்கமாகக் காட்டுவது, பொருந்தாத நடிகர்கள். இவை வந்த இடத்தில் எரிச்சல் ஏறியது. பயனுள்ள தகவலும் நம்பத் தகுந்த ஆளும் இதமான மனநிலையும் இருந்த இடத்தில் இறங்கியது. சத்துபானம் குடிக்காத பையனைக் குள்ளமாக நிறுத்தும் காட்சியும், சட்டைக் கறைக்கு மருமகளைக் குற்றவாளி ஆக்கும் காட்சியும் இந்தப் பட்டியலுக்குள் அப்படியே அடங்கும்.

தமிழ்ப் பார்வையாளருக்கு இவற்றுக்கு மேல் ஒன்று இருக்கிறது. தமிழ் சேனல்களில் வரும் பெரிய நிறுவன விளம்பரங்களில் பெரும்பகுதி முதலில் தமிழில் எடுக்கப்பட்டவை அல்ல. இந்தியில் எழுதி, இந்தி பேசும் நடிகர்களைக் கொண்டு படம்பிடித்து, பல மொழிகளில் டப்பிங் செய்து அனுப்பப்படுபவை. 1985-ன் ஆய்வு சொன்ன செயற்கைச் சூழலும் பொருந்தாத நடிகர்களும் இவற்றில் மொழி வழியாகவே வந்துவிடுகின்றன.

முதலில் கண்ணில் படுவது உதடு. ‘ப’, ‘ம’ போன்ற எழுத்துகளைச் சொல்ல உதடுகள் மூட வேண்டும். முகத்தை நெருங்கி எடுத்த காட்சியில் உதடு மூடும்போது குரலில் ‘அ’ ஒலித்தால், காரணம் தெரியாத குழந்தைக்கும் ஏதோ சரியில்லை என்று தெரியும். இரண்டரை மணி நேரப் படத்தில் கண் பழகிவிட நேரம் கிடைக்கும். இருபது விநாடியில் கிடைக்காது.

அடுத்தது நீளம். விகுதிகளும் உருபுகளும் ஒட்டிக்கொண்டே போவதால் தமிழ்ச் சொற்கள் நீண்டவை. இந்தி வசனத்துக்கு வெட்டி முடித்த காட்சியில் அதே பொருளைத் தமிழில் சொல்ல நேரம் போதாமல் குரல் கொடுப்பவர் ஓடுகிறார். மூச்சுவிட இடமில்லாத அந்த வேகத்தில் தொனி போய்விடுகிறது; அம்மா பிள்ளையைக் கொஞ்சுவதும் செய்தி வாசிப்பது போல் ஆகிவிடுகிறது.

வாக்கியம் உடைவது இன்னும் மோசமானது. விளம்பரத்தின் கடைசியில் டப்பாவைக் காட்டுவார்கள். வாக்குறுதியின் முக்கியச் சொல் அந்தக் காட்சியின் மேல் விழ வேண்டும். தமிழில் வினை கடைசியில் வரும். வினையைக் கடைசியில் வைத்தால் டப்பாவின் மேல் ‘தருகிறது’ விழுகிறது, ‘பாதுகாப்பு’ விழுவதில்லை. அதனால் ‘தருகிறது பத்து மடங்கு பாதுகாப்பு’ என்று வாக்கியத்தைத் திருப்பிப் போடுகிறார்கள். ‘உங்கள் சருமத்துக்குக் கொடுங்கள் புதிய பொலிவு’ என்பதும் இப்படி வந்ததுதான். பாட்டில் இந்த வரிசை மாற்றத்துக்கு இடமுண்டு. பற்பசையைப் பற்றிப் பேசும் பல் டாக்டர் வாயில் அது ஒட்டவே ஒட்டாது.

உறவுச் சொற்கள் டப்பிங்கை இதைவிடவும் அம்பலப்படுத்துகின்றன. இந்தியில் பக்கத்து வீட்டுப் பெண்ணை ‘பாபி’ என்பது இயல்பு. அதை அகராதிப்படி ‘அண்ணி’ என்று மாற்றினால், தமிழில் அண்ணனின் மனைவிக்கு உரிய சொல் மாடிப்படியில் நிற்கும் யாரோ ஒருவருக்குப் போகிறது. இங்கே அவர் அக்கா. ‘பேட்டா’ என்பதை ‘மகனே’ ஆக்கினால், எந்த வீட்டிலும் யாரும் கூப்பிடாத ஒரு பிள்ளை பிறக்கிறான். கண்ணா, தம்பி, ராசா, டேய் என்று எத்தனையோ இருக்க, ‘மகனே’ மேடையிலும் புராணப் படத்திலும் மட்டும் இருக்கும் சொல். கடைக்காரரை ‘சகோதரா’ என்று அழைக்கும் வாடிக்கையாளரைத் திருநெல்வேலியிலோ திருவொற்றியூரிலோ தேடினாலும் கிடைக்கமாட்டார். அங்கே இருப்பது ‘அண்ணே’, ‘அண்ணாச்சி’, ‘பாய்’.

சொல்லோடு நாட்காட்டியும் இடம் மாறி வருகிறது. தமிழ்நாட்டில் தீபாவளி விடியலுக்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளிப்பதில் தொடங்கும். விளம்பரத்தில் அது இரவில் விளக்கு வரிசையோடு வருகிறது. வடகிழக்குப் பருவமழையில் துணி காயாமல் வீட்டுக்குள் கொடி கட்டும் கார்த்திகையில், கம்பளிச் சட்டை போட்ட குடும்பம் வறண்ட சருமத்தைப் பற்றிக் கவலைப்படுகிறது. ஆகஸ்டில் ராக்கிக்குச் சாக்லேட் வருகிறது. அந்தப் பழக்கம் இல்லாத வீட்டில் தங்கை அண்ணனிடம் சாக்லேட் கேட்கிறாள், அண்ணன் விழிக்கிறான்.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975-ல். தனியார் செயற்கைக்கோள் சேனல் தமிழில் வந்தது 1993-ல். அதற்குப் பின் வளர்ந்தவர்கள் எழுத்து கற்பதற்கு முன்பே கேட்ட வீட்டுக்கு வெளியிலான தமிழில் விளம்பரத் தமிழுக்குப் பெரிய பங்கு உண்டு. கதைப்புத்தகத்தை ஒரு முறை படிக்கும் குழந்தை விளம்பர வரியை நூறு முறை கேட்கிறது. வினை முன்னால் வரும் வாக்கியமும், யாரும் பேசாத விளிச்சொல்லும், ‘ஒரு பெரிய நன்றி’ போன்ற தொடர்களும் இப்படித்தான் காதில் தங்குகின்றன. காதில் தங்கியது பிறகு பள்ளிக் கட்டுரையில் வரும். இடைவேளையும் சத்தமும் ரிமோட்டோடு தீர்ந்துபோகும் தொல்லைகள். இது தீராது.

எல்லா விளம்பரமும் தொல்லை அல்ல. சிறப்பாக எடுத்த விளம்பரங்கள் உண்டு, அவற்றைத் தேடிப் பார்ப்பவர்களும் உண்டு. விளம்பர இடைவெளி நிகழ்ச்சியின் சுவையைக் கூட்டுவதாக 2009-ல் ஓர் ஆய்வுகூட வந்தது.

டப்பிங் இல்லாத உள்ளூர் ஜவுளிக்கடை, நகைக்கடை விளம்பரங்களில் வேறு குறைகள் இருக்கின்றன: நீளும் பாட்டு, கண்ணைப் பறிக்கும் கூட்டம். திண்டிவனம் பக்கத்து மனையைச் சென்னைக்கு மிக அருகில் என்று சொல்லும் காலை நேர ரியல் எஸ்டேட் நிகழ்ச்சியின் குறை உண்மையைப் பற்றியது. ஆனால் இவற்றில் பேசுபவரின் தமிழ் அவருடையது. உதடும் குரலும் ஒன்று.

தவறாக வழிநடத்தும் விளம்பரங்களைத் தடுக்க இந்தியாவில் 2022-ல் வந்த வழிகாட்டு நெறிமுறைகளில் மொழி பற்றி ஒரு பிரிவு இருக்கிறது. வாக்குறுதி எந்த மொழியில் சொல்லப்படுகிறதோ, அதன் நிபந்தனையும் அதே மொழியில், அதே எழுத்துருவில் இருக்க வேண்டும். தமிழில் பேசிவிட்டு ‘ஆய்வகச் சோதனையின்படி’ என்பதை ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் திரையின் அடியில் போடுவது இதற்கு மாறானது. குழந்தைகளுக்குத் தம் உடலைப் பற்றித் தாழ்வான எண்ணம் தருவதையும், அவர்கள் உண்ணும் மரபான உணவைவிடத் தன் பொருள் மேல் என்று காட்டுவதையும் அதே நெறிமுறைகள் தடுக்கின்றன. முதல் முறை மீறினால் 10 லட்சம் ரூபாய் வரையும், திரும்ப மீறினால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்கலாம்.

டப்பிங்கின் குறைகளுக்குச் சட்டம் தேவைப்படாது. முகத்தை நெருங்கி எடுத்த காட்சிகளைக் குறைத்து, கதையைப் பின்னணிக் குரலில் சொன்னால் உதட்டுச் சிக்கல் எழாது. சில நிறுவனங்கள் தென்னிந்திய மொழிகளுக்குத் தனி நடிகர்களை வைத்து இன்னொரு முறை படம்பிடிக்கின்றன. தமிழில் எழுதுபவர் கைக்கு வேலை பெரும்பாலும் படத்தொகுப்பு முடிந்த பிறகுதான், விநாடிகள் பூட்டப்பட்ட நிலையில் வருகிறது. படப்பிடிப்புக்கு முன்பே கதை அவரிடம் வந்தால், எந்தக் காட்சி எத்தனை விநாடி நிற்க வேண்டும், டப்பா எந்தச் சொல்லின் மேல் வர வேண்டும், பக்கத்து வீட்டுப் பெண்ணை என்ன சொல்லிக் கூப்பிட வேண்டும் என்பதை அவர் அங்கேயே சொல்லிவிடுவார்.