மலை உச்சியில் அறுபடும் கதை

சேலத்தில் ஏற்காடு சாலையோரம் மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு மட்டும் நிற்கிறது. அங்கே எடுத்த படங்களை இன்றைய பிள்ளைகள் முழுசாகப் பார்த்திருப்பது சந்தேகம். ஆனால் ஒரு பாட்டு அவர்கள் போன் வரை வந்துவிட்டது: 1950இல் வந்த ‘மந்திரி குமாரி’யில் திருச்சி லோகநாதனும் ஜிக்கியும் பாடிய மலையேற்றப் பாட்டு. நண்பனைச் செலவுக்கு இழுத்துப் போனாலும், மாப்பிள்ளையை மணமேடைக்குக் கூட்டிவந்தாலும் அதைப் பின்னணியில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தக் கொஞ்சல் குரல் கேட்டதுமே ‘மாட்டினான்டா’ என்று சிரிக்கிறோம். யாரும் விளக்கம் கேட்பதில்லை.

ரீல் அதோடு முடிகிறது. படத்தில் விஷயமே பாட்டுக்குப் பிறகுதான். தள்ளிக் கொல்லக் கூட்டிவந்த கணவனிடம், சாகுமுன் உங்களை மூன்று முறை சுற்றிக் கும்பிட வேண்டும் என்கிறாள் மனைவி அமுதவல்லி. சுற்றுகிறாள். முதுகுப் பக்கம் வந்ததும் தள்ளிவிடுகிறாள்.

கலைஞர் வசனம் எழுதிய இந்தக் காட்சிக்கு வேர் குண்டலகேசி. அந்தக் காப்பியத்தில் நமக்கு மிஞ்சியவை சில பாடல்களே. கதை பிற நூல்கள் வழியாகத்தான் பிழைத்தது. பாலி மொழிக் கதைகளில் அதன் நாயகியின் பெயர் பத்தா. காப்பியத்தில் அந்த உச்சி அவளைத் துறவுக்கு அனுப்பியது. சினிமாவிலோ விழுந்தவன் ராஜகுருவின் மகன்; மேடை அரசியல் சூடுபிடித்த காலத்தில் கொட்டகைக்கு அது போதாதா? அர்த்தம் மாறியது, சுற்றுகிறவள் மாறவில்லை.

மாடர்ன் தியேட்டர்ஸை நிறுவிய டி.ஆர். சுந்தரத்தின் ஊர் திருச்செங்கோடு. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ (2010) நாவலில் அதே ஊர் மலைமேல், பிள்ளையில்லாத பொன்னா விளிம்பிலுள்ள வறடிக்கல்லைச் சுற்றுகிறாள். அங்கே தள்ளிவிட ஆள் வேண்டியதில்லை, ஊர்ப்பேச்சே போதும். குண்டலகேசியை மனத்தில் வைத்து எழுதியதாக நான் சொல்லவில்லை. ஆனால் விளிம்பில் சுற்றும் பெண்ணைப் படிக்கும்போது, எனக்கு அமுதவல்லி நினைவுக்கு வராமல் இருப்பதில்லை.

துண்டு துண்டாக வெட்டித்தான் பழைய உருவகங்கள் பிழைக்கின்றன என்பார்கள். இருக்கட்டும். எது வெட்டுப்படுகிறது என்பதுதான் என் கவலை. ராசிபுரத்திலோ ஆத்தூரிலோ ஒரு கல்யாண வீடியோவைப் பாருங்கள்: மணப்பெண் கை நீட்டி அழைக்கிறாள், மாப்பிள்ளை பலியாடு மாதிரி முழிக்கிறான், பின்னால் அதே பாட்டு. மண்டபமே சிரிக்கிறது. இப்போது அவள்தான் எமன், அவன் அப்பாவி. கொல்லக் கூட்டிப்போனவன் கணவன் என்பது அந்த மண்டபத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்?