பூனைக்குத் தெள்ளு மருந்து: பாதி ட்யூப் கதை

"மூணு கிலோ பூனைதானே, நாய்க்கு வாங்கினதுல பாதி விட்டா போதாதா?"

பக்கத்து வீட்டு அக்கா கேட்டபோது ட்யூபின் மூடியைத் திறந்தே விட்டார். எனக்கும் பதில் தெரியாது. "ஒரு நிமிஷம் இருங்கக்கா" என்று அட்டையை வாங்கி, பொடி எழுத்தில் இருந்த மருந்தின் பெயரைத் தேடினேன். பெர்மெத்ரின். படித்ததும் முதலில் செய்த வேலை, அந்த மூடியைத் திரும்ப மாட்டியதுதான். அன்றைக்குத் தொடங்கிய தேடலின் குறிப்புகள் இவை.

நாயின் கல்லீரல் பெர்மெத்ரினைச் சீக்கிரம் உடைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலில் அதற்கு உதவும் ஒரு வேதிவினை மிகவும் பலவீனம். பூனைக்கு பாரசிட்டமால் ஆகாததற்கும் இதே குறைதான் முக்கியக் காரணம். நாய்க்கான சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் 45 சதவீதத்துக்கு மேலும் இருக்கலாம். அதில் பாதி என்ன, சில சொட்டுகளே பூனைக்கு நடுக்கத்தையும் வலிப்பையும் கொண்டுவரலாம், உயிரே போகலாம். தெரியாமல் போட்டுவிட்டால், வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் போட்டுக் கழுவி, துவட்டி, உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடணும். அட்டையையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

அப்போ எதைப் போடுவது? ஃபிப்ரோனில், செலாமெக்டின் போன்ற மருந்துகள் பூனைக்கென்றே தனி ட்யூபில் கிடைக்கின்றன. ஆனால் அட்டையில் 'ஃபிப்ரோனில்' என்று பார்த்ததும் வாங்கிவிட வேண்டாம்; சில நாய் மருந்துகளில் அதோடு பெர்மெத்ரினும் கலந்திருக்கும். 'பூனைக்கு' என்று இருக்கிறதா, எந்த வயது, எத்தனை கிலோ என்று மூன்றையும் பாருங்கள். பிடரியில் முடியை விலக்கி, நாக்கு எட்டாத இடத்தில், தோலில் படும்படி விடணும்.

இனி, ஏன் மாதாமாதம்? ஒரு தடவை போட்டால் போகாதா?

போகாது. ஒரு பெண் தெள்ளு ஒரு நாளைக்கு 40 முட்டை வரை இடும். அவை பூனை மேல் தங்காமல் பாய், சோபா, கட்டிலடி என்று உதிர்ந்துவிடும். அங்கே புழுவாகி, கூடு கட்டி, அந்தக் கூட்டுக்குள் மாதக்கணக்கில் காத்திருக்கவும் முடியும். நடக்கும் அதிர்வும் உடம்புச் சூடும் பட்டதும் வெளியே வந்து தாவும். பூனை மேல் நாம் பார்ப்பது கொஞ்சம்தான், மிச்சமெல்லாம் வீட்டுக்குள்ளே. அதனால்தான் வீட்டிலுள்ள எல்லாப் பூனை, நாய்களுக்கும் அதனதன் மருந்தைத் தேதி தவறாமல் போடுவது, படுக்கைத் துணியைச் சுடுதண்ணீரில் துவைப்பது, மூலைமுடுக்கெல்லாம் பெருக்குவது மூன்றும் சேர்ந்தே நடக்கணும். நம்ம ஊர் வெக்கையில் தெள்ளுக்கு ஓய்வு மாதமே கிடையாது.

குட்டிகள் விஷயம் இன்னும் அவசரம். அரைக் கிலோ குட்டியின் உடம்பில் மொத்த ரத்தமே சுமார் 30 மில்லிதான். தெள்ளு கூட்டமாக உறிஞ்சினால் ரத்தசோகையில் குட்டி செத்தே போகலாம். ஈறு வெளுத்து, சுருண்டு படுத்தால் காத்திருக்காதீர்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகள் 8 வாரத்துக்குப் பிறகுதான். அதுவரை, நெருக்கமான பல்லுள்ள தெள்ளுச் சீப்பால் தினமும் வாரி, சீப்பைச் சோப்புத் தண்ணீரில் முக்குங்கள். கறுப்புத் துகள் வந்தால் ஈரமான வெள்ளைக் காகிதத்தில் தட்டிப் பாருங்கள். செம்பழுப்பாகக் கரைந்தால் அது மண்ணல்ல, தெள்ளின் கழிவு, அதாவது குடித்த ரத்தம். தாய்ப்பூனைக்கு என்ன போடலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

வீட்டு வைத்தியம் பற்றி ஒரு வார்த்தை: கற்பூரம், அந்துருண்டை, பினாயில், டீ ட்ரீ எண்ணெய் எதுவும் பூனை பக்கம் வேண்டாம். பூனை தன்னையே நக்கிச் சுத்தம் செய்யும் பிராணி. மேலே தடவுவது வயிற்றுக்குள் போகும்.

பாதி ட்யூப் அக்காவின் நாய்க்கே போனது. பூனைக்குத் தனி ட்யூப் வாங்கியாச்சு. இப்போது அவர் வீட்டுக் காலண்டரில், சிலிண்டர் மாற்றிய தேதிக்குப் பக்கத்தில், மாதாமாதம் 'பூனை' என்று எழுதியிருக்கிறது.